ஒட்டில்லாத தரை

இரும்புக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்த கண்ணாடி மேஸ்திரி, அது அசையவில்லை என்றதும் கதவைத்தான் முறைத்தார். தன் பக்கம் தப்பிருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எப்போதுமே தாமதமாகத்தான் வரும். பல சமயம் வழி தெரியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மறுபடியும் இழுத்தார். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். வெளியே நான் சாவியும் கையுமாக நின்றிருந்தேன். அந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்குக் காவலாளி நான்தான். பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளையும் நீக்கிவிட்டு, "வாங்க மேஸ்திரி" என்று ஒதுங்கி நின்று வழிகூட விட்டிருந்தேன். வந்தது ஒரு முனகல் மட்டும்தான். என் பங்குக்குத் தோள் கொடுத்துத் தள்ளினேன். கதவு என்னைப் பொருட்படுத்தவில்லை.

அவர் நின்ற இடம், கூடத்தின் கடைசி மூலை. ஓர் ஆள் குந்தி உட்காரலாம். காலை நீட்டினால் சாந்தில் படும். அவருக்கு முன்னால், அந்த மூலையிலிருந்து முன்வாசல் வரைக்கும், அன்று விடியலில் தொடங்கிச் சற்று முன்பு அவரே போட்டு முடித்த சிவப்புத் தரை ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கச் சுவரில் கம்பி போட்ட ஜன்னல்கள். பின்னால் இந்தக் கதவு. ஒரு மனிதனைப் பிடித்து அடைக்க வேண்டும் என்று நாலு பேர் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. தனி ஆளாகச் செய்திருந்தார்.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரை போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். அவர் போட்ட தரையில் ஈ ஒன்று உட்கார்ந்து, வழுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் நுழைந்த பூனை தரையில் தன் முகத்தைக் கண்டு, ஏற்கெனவே பூனை குடியிருக்கிற வீடு என்று மரியாதையாகத் திரும்பிவிட்டது. நம்பாதவர்கள் அந்தப் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம். அதனால்தான் கண்ணாடி என்று பேர். பிறந்தபோது வைத்த பேர் அவர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

கூடத்துச் செயலாளர் வேலையை அவரிடம் ஒப்படைத்த அன்று, "எல்லாம் கடவுள் செயல்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். மேஸ்திரி சாந்து பூசும் கரணையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "உலகத்த அவருதான் போட்டாரு, இல்லேங்கல. நல்லாத்தான் போட்டாரு. ரசமட்டம் வெச்சுப் பாக்காம விட்டுட்டாரு. பாருங்க, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்." செயலாளர் சிரிப்பதா கண்டிப்பதா என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஸ்திரி வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு தொழில் அபிப்பிராயம்.

அவ்வளவு பெரிய கூடத்தில் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் போடுவார்கள். ஒரு நாளைக்குச் சில கட்டங்கள். நடுவில் ஒட்டுத் தெரியும். "ஒட்டே இல்லாம ஒரே தரையாப் போடுறேன். ஒரே நாள்ல" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இன்னொன்றும் செய்தார். எந்தக் கொத்தனாரும் உள்சுவரில் ஆரம்பித்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, வாசல் வழியாக வெளியேறுவான். இவர் வாசலில் ஆரம்பித்தார். காலையில் கை ஜோராக இருக்கும். வந்து நிற்பவன் கண்ணில் முதலில் படுவது அந்தக் கை போட்டதாக இருக்க வேண்டும். கடைசியில் களைத்த கை போட்டது மூலையில் கிடக்கட்டும். முடித்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விடலாம். சாந்து எப்படி உள்ளே வரும் என்று கேட்டதற்கு, ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு தகரச் சரிவைச் செருகினார். வெளியே கலந்து கொட்டினால் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து விழும். வேறு ஆளே நுழையாமல் தரை. அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

வெளியே சாந்து கலந்தவன் அவர் மச்சினன். மனைவியின் தம்பி. வாய் கொஞ்சம் நீளம். காலையில், முதல் சட்டி கொட்டும் முன்பே கேட்டான்: "மாமா, அந்தப் பின்கதவு உள்ள தொறக்குற கதவா, வெளிய தொறக்குற கதவா?"

"கதவுன்னா தொறக்கும்டா. அதுக்குத்தான் அது கதவு."

"இல்ல மாமா, ஒருக்கா தொறந்து பாத்துட்டு…"

"நீ சாந்தக் கலக்கு. யோசிக்கிறத நான் பாத்துக்கிறேன்."

அது உள்ளே திறக்கிற கதவு. அந்த மூலையில் நிலம் தாழ்ந்திருந்ததால், சில வாரங்களுக்கு முன் அடிக்கான்கிரீட் போட்டபோது மேஸ்திரி அங்கே ஒரு விரல்கடை உயர்த்தியிருந்தார். மூடிக் கிடந்த கதவின் அடிவிளிம்பு அதற்குள் புதைந்துபோயிருந்தது. கான்கிரீட் இறுகிய பிறகு அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பெரியவரே, கதவும் தரையும் சேர்ற எடத்தப் பாருங்க. தலமுடி நுழையுமா?" நுழையவில்லை. நான் என் முடியைப் பிடுங்கி வைத்தே பார்த்தேன். தலையில் அப்போது கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆக, நண்பகல் தாண்டிய வேளையில் மேஸ்திரி மூலையில் மாட்டிக்கொண்டார். இதில் சிரிக்க மட்டும்தான் விஷயம் இருந்திருந்தால் நான் இதை எழுதாமல், வழக்கம்போல டீக்கடையில் சொல்லி முடித்திருப்பேன்.

அவருக்கு ஓர் அண்ணன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஸ்திரி சொந்த வீடு கட்டிக் குடிபோன அன்று, சொந்தபந்தமெல்லாம் நிறைந்திருக்க, அண்ணன் ஒரு குழந்தையின் கையிலிருந்து கோலிக்குண்டு ஒன்றை வாங்கிக் கூடத்து நடுவில் வைத்தார். அது மெல்ல உருண்டு, யோசித்து, மறுபடி உருண்டு, மூலைக்குப் போய் நின்றது. "டேய், கண்ணாடி! உன் தர என் பஸ் ரூட்ட விட மோசமா இருக்கேடா!" என்றார் அண்ணன். வீடே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், பல் தெரிய. அதோடு சரி. அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணம் காட்சிகளில் எதிர்ப்பட்டாலும் ஒருவர் வாசலில் நுழைந்தால் இன்னொருவர் கொல்லைப்பக்கம் போவார். கோலிக்குண்டைக் கொடுத்த அந்தக் குழந்தைக்கே பிறகு கல்யாணமாகிவிட்டது.

அந்த அண்ணன் அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சு. ஆஸ்பத்திரி தூரத்தில் இல்லை. கூடத்து ஜன்னலில் நின்று பார்த்தால் தெருக் கூரைகளுக்கு மேல் அதன் மாடி தெரியும். முந்தின நாளே சேர்த்துவிட்டார்கள். மேஸ்திரிக்குத் தெரியும். "வேல முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

கதவோடு நாங்கள் இருபுறமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி வேகமாக வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என்னங்க, கெளம்புங்க. டாக்டர் இன்னிக்கித் தாண்டாதுன்னுட்டாரு. அவரு கண்ண மூடிக்கிட்டே உங்களத்தான் கேக்குறாரு. வந்துட்டானா, வந்துட்டானான்னு."

மேஸ்திரி கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "கதவு கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்றார். கொஞ்சம் என்ற சொல்லை நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்டதில்லை.

மச்சினன் விஷயத்தைப் புரிந்துகொண்டு பரபரவென்று வழி சொன்னான். ஜன்னல் கம்பியை அறுக்க ஆள் கூட்டிவரவா? இரும்புத்தூள் ஈரத்தில் விழுந்தால் துருப்பிடித்துக் கறையாகும் என்றார் மேஸ்திரி. சரி, உளியும் சுத்தியலும் சரிவில் விடுகிறேன், கதவடியைக் கொத்திக்கொண்டு வாருங்கள். அதிர்வில் இன்னும் காயாத பச்சைத் தரை விரிசல் விடும் என்றார். பலகை போடவா? பலகை தடம் பதியும். சாக்கு? சாக்கு ஒட்டிக்கொண்டு வரும். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அப்ப மிதிச்சுக்கிட்டு வாங்க மாமா! தரைய நாளைக்குப் பூசிக்கலாம்!"

"பூசுனா ஒட்டுத் தெரியும்டா."

அவள் கம்பியை விட்டுக் கையை எடுத்தாள். "ஒட்டுத் தெரியுமாம்" என்று தம்பியிடம் சொன்னாள், அது அவன் காதில் ஏற்கெனவே விழாதது போல.

"ஏய், நீ பயப்படாத" என்றார் மேஸ்திரி உள்ளேயிருந்து. "எனக்கு அவனத் தெரியாதா? வண்டி ஓட்டுன காலத்துலேருந்து அவன் ஒரு நாளாவது நேரத்துக்குக் கெளம்பியிருக்கானா? இன்னிக்கி மட்டும் கெளம்பிடுவானா? கொஞ்சம் இறுகட்டும். பொழுது சாயுறப்ப பூன மாதிரி வந்துடுவேன்."

அவள் திரும்பி நடந்தாள். போன கொஞ்ச நேரத்தில் மச்சினனின் போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. அவன் கேட்டுவிட்டு, போனைத் துண்டில் சுற்றி, தகரச் சரிவில் வழுக்கவிட்டான். சாந்து போன வழியில் அண்ணன் குரலும் போயிற்று. மேஸ்திரி தலைப்பாகைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். அந்தக் கூடத்தில் குரல் எதிரொலிக்கும்; போனில் பேசியவரின் குரல்கூட ஜன்னல் வரைக்கும் கேட்டது. காற்றில்லாத பந்து மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"டேய்."

"ம்."

"தர போடுறியாமே."

"ம். முடிச்சாச்சு."

"பெருசாமே."

"ஒட்டே இல்ல" என்றார் மேஸ்திரி. குரலில் தன்னையறியாமல் ஒரு நிமிர்வு வந்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைப்பு மட்டும் கேட்டது. பிறகு, சிரிப்பாக இருக்க வேண்டும், ஒரு சத்தம்.

"கோலி வெச்சுப் பாத்தியாடா?"

எனக்கு அது கூப்பிடுவதாகத்தான் கேட்டது. சாகக் கிடக்கிறவன் வேறு எதைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் வருவான்? அவர்களுக்குள் கடைசியாக இருந்த பேச்சு அது ஒன்றுதான். அதன் நுனியைத்தானே பிடிக்க முடியும். மேஸ்திரிக்கு அப்படிக் கேட்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அணைத்தார்.

சரிவில் வந்த பொருள் இறங்கத்தான் செய்யும், ஏறாது. போன் அவரிடமே இருந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது மறுபடி அடிக்கவில்லை. அவரும் அடிக்கவில்லை.

பிற்பகல் முழுக்க அவர் அந்த மூலையில் குந்தியிருந்தார். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டது. உலர்ந்த தரையாக இருந்தால் நிழல் மட்டும் விழும். இந்தத் தரையில் கம்பிகளே விழுந்தன. தலைகீழாக ஒரு கம்பிக்கூடும், அதற்குள் குந்திய ஓர் ஆளும் தெளிவாகத் தெரிந்தார்கள். அவர் அசைந்தால் அவனும் அசைந்தான். முட்டி வலித்தால் இடது காலிலிருந்து வலது காலுக்குப் பாரத்தை மாற்றினார். உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் பாதம் நீளும். மடித்த காலிலேயே வாழ்நாள் முழுக்கப் பிழைத்த மனிதர். முட்டிக்கால் போட்டு அவர் கழித்த நேரத்தில் கால்வாசியை வேறொருவர் அதே இடத்தில் கழித்திருந்தால் மகான் என்று பேர் வாங்கியிருப்பார். இவர் முட்டியிட்டபடி பார்த்ததெல்லாம் மேடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பதைத்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். பதியும். கரணையால் தடவி மறைப்பார். மறுபடி அழுத்துவார்.

ஒருமுறை எழுந்தார். மச்சினனும் நானும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம். வேட்டியை மடித்துக் கட்டினார். வலது காலைத் தூக்கினார். பாதம் தரைக்கு மேல், ஒரு தாள் இடைவெளியில், நின்றது. கீழிருந்து இன்னொரு பாதம் அதைத் தொட எழும்பி வந்ததைப் பார்த்தேன். இரண்டும் சேரவில்லை.

ஏனென்றால் அந்த நேரம் பார்த்து முன்வாசலில் செயலாளர் வந்துவிட்டார், கமிட்டி ஆட்களோடு.

"அடடா!" என்றார் செயலாளர். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. எல்லாரும் வாசற்படியிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்ற மறந்து, பார்த்தார்கள். ஒருவர், தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். இன்னொருவர், தண்ணீரில்கூட அலை இருக்குமே என்றார். செயலாளர் அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தார்: "மேஸ்திரி, சொன்னபடி செஞ்சுட்டீங்க. எங்கயும் ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல!"

மேஸ்திரி தூக்கிய காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார் ஒருவர்.

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் மேஸ்திரி. "பச்சத் தரைக்கு ஆள் இருக்கணும்."

கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணனைப் பற்றியும் இல்லை. மச்சினன் வாய் திறக்கப் போனான். மேஸ்திரி ஜன்னல் பக்கம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவர்கள் வெகுநேரம் நின்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். புகழப் புகழ அவர் நிமிர்ந்து நின்றார். நிற்க நிற்க அந்த மூலை இன்னும் சின்னதாகிக்கொண்டு வந்தது போல எனக்குத் தெரிந்தது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்பது உண்மைதான். ஆனால் அவர் போன பிறகு அந்த இடத்தை முழம் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் இருந்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தது. தெருக் கூரைகளுக்கு மேல் ஆஸ்பத்திரி மாடியில் விளக்குகள் எரிந்தன. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஜன்னலுடா?" என்று மச்சினனிடம் கேட்டார். "அந்தப் பக்கம் தெரியாது மாமா. பின்னாடி" என்றான் அவன். அதன் பிறகும் அவர் பார்ப்பதை விடவில்லை.

அவர் மனைவி திரும்பி வந்தபோது ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். ஜன்னலுக்கு வெளியே கிடந்த செங்கல் அடுக்கில் உட்கார்ந்தாள். தம்பி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகுதான் எழுந்து கம்பிக்கு அருகில் வந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்னவாம்?"

"அன்னிக்கிக் கோலி தானா உருளலியாம். யாரும் பாக்காதப்ப விரலால தள்ளி விட்டாராம். சும்மா உங்கள வம்புக்கிழுக்க. நீங்க இவ்ளோ நாள் மனசுல வெச்சிக்குவீங்கன்னு நெனைக்கலியாம். தர மட்டமாத்தான் இருந்துச்சு, எந்தம்பி போட்ட தர தப்பா இருக்குமா, அவன்ட்ட சொல்லிடுன்னாரு."

மேஸ்திரியின் முகத்தில் அப்போது வந்ததை நான் மறக்க நினைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று குளிர்ந்து, அந்த முகம் அவர் போட்ட தரையைப் போலவே மினுங்கியது.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா!" என்றார். குரல் கூடம் முழுக்க மோதித் திரும்பியது. "டேய், நீ கேட்டியா? பெரியவரே, நீங்க கேட்டீங்களா? விரலால தள்ளியிருக்கான்! எனக்கு அன்னிக்கே தெரியும். அந்தத் தரைய நான் மூணு தடவ மட்டம் பாத்தேன். அது எப்பிடி உருளும்? அத்தன பேர் சிரிச்சாங்களே, இப்பக் கூப்பிட்டு வெச்சுச் சொல்லச் சொல்லு அவன. எல்லாரையும் வெச்சுக்கிட்டு, அவன் வாயாலயே…"

"என்னங்க."

"அவன் வாயாலயே சொல்லட்டும்!"

"என்னங்க. இதச் சொல்லிட்டுத் தண்ணி கேட்டாரு. நான் எடுக்கத் திரும்பினேன்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன்ல சொல்ல வேணாம்னுதான் நடந்து வந்தேன்."

சொல்லட்டும், சொல்லட்டும் என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் இன்னும் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது அடங்க நேரமாயிற்று.

மேஸ்திரி நடந்தார். முதல் அடி எப்போது வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது இரண்டோ மூன்றோ அடி வந்திருந்தார். ஓடவில்லை. தரை பாதி இறுகியிருந்தது. பாதம் ஆழமாகப் புதையாமல், விரல் விரலாக, செதுக்கி வைத்தது போல் பதிந்தது. நடுக்கூடத்தில் நின்றார். திரும்பிப் பார்த்தார். கையில் கரணை இருந்தது. அதை வைத்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றியிருக்காது. கை பழக்கத்தில் குனிந்து, பின்னாலிருந்த தடத்தைத் தடவி மூடப் பார்த்தார். அதை மூட எட்ட வேண்டும் என்றால் இங்கே இன்னும் அழுத்தி ஊன்ற வேண்டும். ஊன்றினார். இது ஆழமானது. இதை மூட வேண்டுமென்றால் இன்னொன்று. அப்படியே இரண்டு பாதமும் சேர்த்து, குனிந்தபடி, தன் காலடிகளின் நடுவில் நின்றார். பிறகு நிமிர்ந்து, வாசல் வரை நடந்து, படியிறங்கி, கரணையோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்.

மறுநாள் காலையில் முன்கதவைத் திறந்த செயலாளர் தடங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். என்ன நடந்தது என்று யாரைக் கேட்பது? மேஸ்திரி சுடுகாட்டில் அண்ணனுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தார், மச்சினன் அவரோடு. பின்கதவு அசையவே அசையாது என்பதைக் கமிட்டி ஆட்கள் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஜன்னல் கம்பி அறுபடவில்லை. தடங்கள் மூடிய கதவடியிலிருந்து புறப்பட்டு வந்திருந்தன. உள்ளே போன தடம் ஒன்றுகூட இல்லை. நடுக்கூடத்தில் நின்று, இரண்டு பாதமும் சேர்த்து, அடுத்து வாசல் வழியாக ஊருக்குள் போயிருந்தார் யாரோ. வந்தவர்களில் ஒரு பெண் மெதுவாக அங்கே முட்டியிட்டாள். இன்னொருத்தியும். சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு பாதங்களிலும் பூ இருந்தது.

மூலையில் மேஸ்திரி நின்றதைச் செயலாளரே பார்த்திருந்தாரே என்று கேட்கலாம். பார்த்தார்தான். ஆனால் கண்ணாடி மேஸ்திரி தன் தரையைத் தானே மிதிப்பார் என்று நினைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதைவிட வேறு எதையும் நம்புவது சுலபமாக இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவும் சொன்னேன், ஒருமுறை. "பெரியவர் ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று சிரித்தார்கள். ஈயையும் பூனையையும் பற்றிச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டவர்கள்தான்.

மேஸ்திரி வருவார், தன் கால்தான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டுமென்றால் ஏன் மிதித்தார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஏன் மிதிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். வந்தார், துக்கம் முடிந்து, தாடியோடு. செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மேஸ்திரி, உங்க தரையத் தேடி யாரு வந்திருக்காங்க பாத்தீங்களா!" என்றார். கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. மேஸ்திரி வாயைத் திறந்தார்.  பிறகு தலையை மட்டும் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று மெச்சினார்கள். தடங்களைச் சுற்றிக் கயிறு கட்ட அவரிடமே யோசனை கேட்டார்கள். எங்கே ஆணி அடித்தால் தரை விரியாது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் வேறு எங்கும் தரை போட்டதாக எனக்குத் தெரியவில்லை. தினமும் பிற்பகலில், கூடம் மூடியிருக்கும் வேளையில் வருவார். நான் திறந்துவிடுவேன். கயிற்றுக்கு வெளியே குந்தியிருப்பார், அந்த மூலையில் குந்தியிருந்தது போலவே.  வாசலில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டதும் பின்கதவுப் பக்கம் பார்ப்பார். அது இன்னும் திறப்பதில்லை. தடம் தொடங்கும் இடமாயிற்றே, அதைக் கொத்தக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது.

போன வாரம் ஒரு நாள் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்தார். பழையது, ஓரம் சிதைந்தது. யாரிடம் கேட்டு வாங்கினாரோ. வாசற்படிக்கு உள்ளே, காலையில் கை ஜோராக இருக்கும்போது போட்ட இடத்தில், தரையில் வைத்தார். விரலை எடுத்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், எனக்குச் சாட்சி காட்டுவது போல.

கோலி நின்றது. அவர் மூச்சு விட்டார்.

பிறகு அது நகர்ந்தது. நகர்ந்ததா என்று நான் சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாக நகர்ந்தது. அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உருண்டது. கயிற்றின் அடியில் நுழைந்து, காய்ந்த பூக்களை விலக்கிக்கொண்டு போயிற்று.

"பெரியவரே, நீங்க கதவ அசைச்சீங்களா?"

"இல்ல மேஸ்திரி."

"காத்து?"

நான் சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

"விரலால தள்ளுனேன்னு சொன்னானே" என்றார், என்னிடம் இல்லை.

கோலி நடுக்கூடத்தில் சேர்ந்து நிற்கும் பாதங்களில் ஒன்றின் குதிகால் பள்ளத்துக்குள் இறங்கி, விளிம்பைத் தொட்டு, திரும்பி, மறு விளிம்பைத் தொட்டு, சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே படியில் ஆட்கள் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அது நிற்பதற்காகக் காத்திருந்தார்.